சொல்ல மறுத்த சொல்

இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடநூலாகவோ விருப்பினாலோ பயின்ற தமிழ் மாணவர் நம்மிடையே பலர் உளர். 1894ஆம் ஆண்டில் நூலுருப் பெற்ற அக்காப்பியத்தின் ஆசிரியர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பனிடத்திலே நடையையும் அணியையும் கற்றார். கதையையோ ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து பெற்றார். அந்த ஆங்கிலேயர் பல்கலைக்கழக வாயிலை மிதித்தவரல்லர். இலத்தீனும் கிரேக்கமும் அறியாதவர். ஊரூராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுத்துப் பிழைத்தவர். யோன் பனியன் என்பது அவர் பெயர்.

மோட்சப் பிரயாணம் என்று தமிழ்க் கிறிஸ்தவர் வழங்கும் அவருடைய நூலைப் பற்றி எழுதியோர் மிகப் பலர். நூலைச் சற்றே ஒதுக்கி, அதை எழுதிய மனிதரை நோக்குவதே இங்கு நம் எண்ணம். அவர் ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையிலிருந்தார். திருடியதற்காக அன்று, கலகம் விளைத்ததற்காகவும் அன்று. அதிகாரிகள் கேட்ட சிறு வாக்குறுதி ஒன்றைக் கொடுத்திருப்பின் பிடிபட்ட மறுநாளே வீடு திரும்பியிருக்கலாம். அதைக் கொடுக்கும்படி நெருக்கியோர் எல்லாருங் கொடியவரல்லர். சிலர் நல்லெண்ணத்தோடு வந்தவர்கள். அவர்களுடைய கேள்விக்கு வழுவழுத்த ஒரு விடையே போதுமாயிருந்தது. அந்த விடைதான் அவர் வாயில் வரவில்லை.

இலண்டனுக்கு வடக்கே, பெட்போட் நகரை அடுத்த எல்ஸ்டோ என்னுஞ் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு பனியன் பிறந்தார். தந்தையார் தோமஸ் கன்னார வேலை செய்தவர். மகனுக்கு எழுத வாசிக்கச் சிறிது கற்பித்தபின் தம் தொழிலையே பழக்கினார். 1644 அவ்வீட்டுக்குப் பொல்லாத ஆண்டு. யூன் மாதத்தில் தாயார் இறந்தார். அடுத்த மாதமே தங்கையும் இறந்தாள். துக்கம் ஆறுமுன் தந்தையார் மறுமணஞ் செய்துகொண்டார். அந்த ஆண்டிலேயே, மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரிலே, பாராளுமன்றப் படையில் பனியன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16. முற்றுகை ஒன்றுக்குச் செல்லும்படி அவர் பணிக்கப்பட்டிருந்தார். வேறொரு போர்வீரன் அவருக்குப் பதிலாகச் செல்ல விரும்பிச் சென்றான். காவல் நின்ற இடத்தில் தலையிற் குண்டு பாய்ந்து அவன் மாண்டான். தமக்கென்று எய்த அம்பு பிறன்மேற் பட்ட இந்நிகழ்ச்சியைப் பனியன் பிற்காலத்தில் மறவாது எழுதி வைத்தார்.

படையினின்று மீண்டு மணஞ் செய்துகொண்டபோது இருவரும் பரம ஏழைகள். வீட்டுச் சாமான் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்களே. பாத்திர வேலை செய்பவரின் வீட்டில் பாத்திரம் இல்லாது புத்தகம் இருந்தது! அவற்றை இருவருஞ் சேர்ந்து வாசித்தனர். 1650இல் முதற் குழந்தை மேரி பிறந்தாள். அவளுக்குக் கண்பார்வை இல்லை.

பனியன் அக்காலத்தில் ஆடல் பாடல்களிலும், தேவாலய மணியடிப்பதிலும் பெருவிருப்புடையவர். நாவில் ஆணைச் சொல்லும் வசைச் சொல்லும் தாராளமாகப் புரளும். ஒழுக்கம் நல்லதென்று சொல்ல முடியாத ஒரு பெண்ணே அவருடைய வாய்த்துடுக்கைக் கேட்டு அருவருத்துக் கண்டித்தாளாம். அன்றோடு அவ்வழக்கம் அவரை விட்டு நீங்கியது. பிறகு ஒரு நாள் தொழில் நிமித்தம் பெட்போட் தெருவிற் சென்றவர், வீட்டு வாசலில் வெயில் காய்ந்தபடி உரையாடிக் கொண்டிருந்த சில ஏழைப் பெண்களைக் கண்டார். கடவுளைப் பற்றி, அயலில் உள்ள ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல அவர்கள் பேசினர். அவர்கள் வழியாக யோன் கிபர்ட் என்னும் போதகரின் சிறு சபையை அறிந்தார். கிபர்ட் முன்பு மன்னர் படையிலே தளபதியாயிருந்து, மரணதண்டனை விதிக்கப்பட்டுத் தப்பியவர்.

இச்சபையோடு தொடர்புற்ற காலத்திலேதான் பனியனின் வாழ்வை உருக்கிய அந்தச் சோதனை நேர்ந்தது. இதனை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பிற்காலச் சிறைவாழ்வின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஏதோவொன்று அவருடைய உள்ளத்துள் இடையறாது நச்சரிக்கத் தொடங்கிற்று. உணவுக்கு அமர்ந்தால் அது. விறகு தறித்தால் அது. விழுந்த ஊசியைக் குனிந்து எடுத்தாலும் அது. மாட்டேன், மாட்டேன் என்று அவரும் ஓயாது மறுத்தார். சில வேளைகளில் யாரையோ தள்ளுவதுபோலக் கைகளும் முழங்கைகளும் தாமாக அசையுமாம். ஏறத்தாழ ஓராண்டு இப்படிச் சென்றது. ஒரு நாட் காலை, படுக்கையிற் கிடந்தபோது, போராடிச் சலித்த மனம் சற்றே நெகிழ்ந்தது. பிடித்திருந்த கையைத் தளரவிட்டதுபோல ஓர் இசைவு உள்ளத்தினூடே கடந்து போயிற்று. அவ்வளவே. வாய் திறந்து ஒன்றுஞ் சொல்லவில்லை, யாருங் கேட்கவுமில்லை.

ஆனால் அந்த ஒரு கணத்து இசைவு அவரை இரண்டாண்டுக்கும் மேலாக வாட்டியது. பசிக்குக் கூழைப் பெற்றுச் சிரேஷ்ட புத்திர பாகத்தை விற்ற ஏசாவின் கதையை வாசித்து வாசித்து, தாமும் அவ்வாறே மீளா வழியிற் போய்விட்டதாக நடுங்கினார். மனநோய் என்று இன்றைய மருத்துவர் பெயர் சூட்டக்கூடும். அதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் அந்த நெருப்பில் வெந்து வெளிவந்த மனிதர் ஒரு பாடத்தைக் கற்றிருந்தார். இசைவுச் சொல்லுக்கு எடை உண்டு என்பதை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவரல்லர். அரை மனத்தோடு ஆம் என்பது என்ன விலை பெறும் என்று தம் உடம்பிலும் உயிரிலும் அறிந்தவர்.

1655ஐ அடுத்து அவர் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். குறொம்வெல் ஆண்ட காலம் அது. பாத்திரம் அடைப்பவரும் பிரசங்கஞ் செய்யலாம். மென்மையே உருவானவர் என்று அவரை நினைத்துவிடலாகாது. அவருடைய முதல் நூல் 1656இல் வெளிவந்தது. குவேக்கர் என்னுஞ் சமயத்தாரைக் கடுமையாகத் தாக்குவது. இதனை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும். 1658இல் முதல் மனைவி நான்கு பிள்ளைகளை விட்டு இறந்தார். அடுத்த ஆண்டில் எலிசபெத்தை மணந்தார்.

1660 மே மாதத்தில் இரண்டாஞ் சாள்ஸ் மன்னர் நாடு திரும்பினார். காற்று மாறிற்று. இங்கிலாந்துத் திருச்சபைக்கு வெளியே கூடி வழிபடுவோரைத் தண்டிக்கும் 1593ஆம் ஆண்டுச் சட்டம் தூசி தட்டி எடுக்கப்பட்டது. நவம்பர் 12ஆந் திகதி லோவர் சாம்செல் என்னும் இடத்திலுள்ள பண்ணை வீடொன்றிற் பனியன் பிரசங்கஞ் செய்வதாக இருந்தது. சமாதான நீதவான் வின்கேற் பிடியாணை பிறப்பித்திருக்கும் செய்தி முன்னரே வந்துவிட்டது. கூட்டத்தைக் கலைத்துவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். பனியன் வெளியே சென்று தனியே உலாவிச் சிந்தித்தார். புதிதாக நம்பிக்கை கொண்ட எளியவர்கள், பேச்சில் வீரங்காட்டியவர் ஓடினாரென்று கண்டால் என்னாவர் என்று எண்ணித் திரும்பி வந்து கூட்டத்தைத் தொடங்கினார். காவலர் வந்து பிடித்தனர்.

மறுநாள் நீதவானின் முன் நிறுத்தப்பட்டபோது நடந்தது சுவையானது. எத்தனை ஆயுதங்கள் அகப்பட்டன என்ற தோரணையில் நீதவான் விசாரிக்க, வேதப் புத்தகந் தவிர வேறொன்றும் இல்லையென அறிந்து சற்றுத் திகைத்தார். நண்பர்கள் பிணை நிற்க முன்வந்தனர். பிரசங்கஞ் செய்தால் பிணைப்பணம் பறிபோகும் என்று நீதவான் சொன்னார். அப்படியாயின் அது பறிபோவது உறுதி, ஏனெனில் தாம் நிறுத்தப் போவதில்லை என்று பனியன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்! பிணை நிற்க வந்தவர்களின் பணத்தை அவர் காப்பாற்றிய முறை இதுவே.

சிறைக்குக் கொண்டுசெல்லும் வழியில் இரு நண்பர்கள் ஓடோடி வந்து தடுத்தனர். நீதவானிடம் தாங்கள் பரிந்து பேசியிருப்பதாகவும், திரும்பிச் சென்று குறிப்பிட்ட சில சொற்களைச் சொன்னால் விட்டுவிடுவாரென்றுஞ் சொன்னார்கள். மனச்சாட்சியோடு சொல்லத்தக்க சொற்களாயின் சொல்வேன், அன்றேல் இல்லை என்று கூறிக்கொண்டு பனியன் திரும்பினார். அங்கே பெட்போட்டைச் சேர்ந்த சட்டத்தரணி வில்லியம் பொஸ்ரர் கையில் விளக்குடன் உள்ளிருந்து வந்து, பழைய நண்பரைக் கண்டதுபோல அன்பொழுக வரவேற்றார். சனங்களை இனிமேற் கூட்டுவதில்லை என்று மட்டும் சொல். வீட்டுக்குப் போகலாம் என்பது அவர் பேச்சின் சாரம்.

இங்கே ஒரு வாசல் திறந்திருந்ததைக் கவனிக்க வேண்டும். பனியன் சனங்களை அழைத்துக் கூட்டுபவரல்லர். சனங்கள் தாமாகவே வருவார்கள். ஆகவே, கூட்டுவதில்லை என்று அவர் சொல்லியிருந்தால் எழுத்தளவில் அது பொய்யாகாது. நீதவானுக்கு அது ஒரு பொருளைத் தரும். பனியனுக்கு இன்னொரு பொருளைத் தரும். இருவரும் மனநிறைவோடு பிரியலாம். அன்றாட வாழ்வில் நாமெல்லாம் இத்தகைய சொற்களால் எத்தனை சிக்கல்களைக் கடந்து வந்திருக்கிறோம்! வருகிறேன் பார்ப்போம் என்கிறோம். வராமலிருக்கத் தீர்மானித்த பின்பும். பனியனோ அவ்வாசலை உடனே தம் கையாலேயே சாத்தினார். தாம் அழைப்பதில்லை என்பதையும், ஆயினும் வந்து கூடுவோர்க்கு இயன்றவரை போதிப்பதைத் தவிர்க்கப் போவதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். கேட்பவர் எப்பொருளிற் கொள்வாரோ அப்பொருளிலேயே தம் சொல் உண்மையாக இருக்க வேண்டும் என்று அவர் கருதியிருக்க வேண்டும். வீட்டுப் பணியாளரும் வந்து கெஞ்சினர். பயனில்லை. பெட்போட் சிறை அவரை ஏற்றுக்கொண்டது.

1661 ஜனவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தது. தலைமை வகித்தவர் கீலிங் என்பவர். குற்றப்பத்திரிகையில் உள்ளதற்கு என்ன சொல்கிறாய் என்று வினவப்பட்டபோது, செபத்துக்கும் ஒருவரையொருவர் ஊக்குவிப்பதற்குமாகப் பல முறை கூடியது உண்மை என்று பனியன் மறைக்காது சொன்னார். சாட்சி எவரும் அழைக்கப்படவில்லை. அவருடைய அந்த நேர்மையான விடையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாயிற்று! தீர்ப்பு: மூன்று மாதச் சிறை, அதன்பின்னுங் கோவிலுக்குச் செல்லவும் பிரசங்கத்தை விடவும் உடன்படாவிடில் நாடு கடத்தல், அனுமதியின்றித் திரும்பினால் தூக்கு. இன்று விட்டால் நாளை மீண்டும் பிரசங்கஞ் செய்வேன் என்பதே பனியனின் மறுமொழி.

மூன்று மாதங் கழிந்த ஏப்பிரலில், நீதிமன்ற எழுதுவினைஞர் கொப் என்பவர் சிறைக்கு வந்தார். இவரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. உண்மையான பரிவோடே வந்தார். கூட்டத்தை விட்டு, அயலாரிடம் தனித்தனியே பேசலாமே என்றார். ஒருவருக்குச் சொல்வது நன்மையானால் இருவருக்குச் சொல்வது எப்படித் தீமையாகும் என்று பனியன் கேட்டார். நெடுநேரம் உரையாடி, நன்றி கூறி, இருவரும் நட்போடு பிரிந்தனர். விடை மட்டும் மாறவில்லை.

இனி எலிசபெத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் பிடிபட்டபோது அவர் கருவுற்றிருந்தார். அதிர்ச்சியால் நோவு கண்டு எட்டு நாட்கள் வருந்திப் பெற்ற பிள்ளை இறந்தது. தாம் பெறாத நான்கு பிள்ளைகள், ஒருத்தி குருடி, கையில் ஊரார் இடும் பிச்சை. இந்நிலையில் இலண்டன் வரை சென்று பிரபுக்கள் சபையைச் சேர்ந்த ஒருவரிடம் முறையிட்டார். 1661 ஓகஸ்டில் நீதியரசர்கள் பெட்போட்டுக்கு வந்தபோது, மத்தியூ ஹேல் என்னும் நீதியரசரிடம் மனுவை நீட்டினார். ருவிஸ்டன் என்னும் இன்னொருவரின் வண்டிக்குள் அதை எறிந்தார். கடைசியாக, சுவான் என்னுஞ் சத்திரத்தின் மண்டபத்தில் நீதியரசரும் ஊர்ப் பெரியோருங் கூடியிருந்த நடுவே நாணமும் நடுக்கமுமாய்ப் புகுந்து பேசினார். கணவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவேயில்லை, கூடியதைச் சொன்னாரேயன்றிக் கூடியது குற்றமென்று சொல்லவில்லை என்று அவர் வாதித்த திறத்தை எந்தச் சட்டத்தரணியும் மெச்சுவார். ஹேல் இரங்கினார், வறுமையைப் போர்வையாக்குகிறாள் என ருவிஸ்டன் சினந்தார். பின்பு அவர் நேரே கேட்டார்: விட்டுவிட்டால் உன் கணவன் பிரசங்கத்தை நிறுத்துவானா?

அந்தக் கணத்தில் எலிசபெத்து என்ன சொல்லியிருக்கலாம்? அவரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கலாம். நிறுத்தினாலும் நிறுத்துவார் என்றிருக்கலாம். பசித்த பிள்ளைகளின் தாய் அப்படிச் சொன்னால் யார் குறை கூறுவர்? பேசக்கூடிய சக்தி உள்ளவரை பிரசங்கத்தை விட அவர் துணியமாட்டார் என்று எலிசபெத்து விடையளித்தார். வழக்கு அத்தோடு முடிந்தது. பனியனின் மன உறுதியைப் போற்றுவோர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். கணவர் சொன்ன இல்லை என்னுஞ் சொல்லுக்கு அவரிடம் நெடுநாட் பயிற்சி இருந்தது. இந்த இளம்பெண்ணுக்கு அது ஒரு நொடியில் வந்தது. நமக்கு அவருடைய விடையே பெரிதாகத் தோன்றுகிறது.

பனியனுங் கல்நெஞ்சர் அல்லர். பிள்ளைகளைப் பிரிந்தது தசையைப் பிய்த்தது போன்ற நோவைத் தந்தது. அவர்களுள்ளும் குருட்டு மகளின் நினைவே அவரை மிக வருத்திற்று. குளிரிலும் பசியிலும் அவள் படக்கூடியவற்றை எண்ணி எண்ணி நெஞ்சுடைந்தார். தம் வீட்டைத் தாமே மனைவி மக்கள்மேல் இடித்துத் தள்ளுவதாக உணர்ந்ததை அவர் மறைக்கவில்லை. தூக்குமரத்தையும் அஞ்சினார். இறப்பதற்கு மட்டுமன்று, ஏணியில் ஏறும்போது முகம் வெளிறி முழங்கால் நடுங்கித் தம் கொள்கைக்கு இழிவு தேடிவிடுவோமோ என்று அஞ்சினார். மறுமையில் ஆறுதல் கிடைக்கும் என்ற உறுதியும் அந்நாட்களில் அவருக்கு இருக்கவில்லை. ஆறுதல் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன சொல்லில் நிற்பதென்று முடிவு செய்த பிறகே அச்சம் நீங்கிற்று.

சப்பாத்து நாடாக்களின் நுனியில் உலோகக் கூர் பொருத்தும் வேலையைச் சிறையிற் கற்று, அதனால் வந்த சிறு கூலியை வீட்டுக்கு அனுப்பினார். தொடக்கத்தில் சிறைக்காவலர் அவரை நம்பி வெளியே செல்லவும் விட்டார். இலண்டன் வரைகூடச் சென்று திரும்பினார். இது தெரியவந்ததும் காவலரின் வேலைக்கே ஆபத்து வந்தது, கட்டுக்காவல் கடுமையாயிற்று. வேதாகமமும், பொக்ஸ் எழுதிய இரத்தசாட்சிகள் வரலாறும் அவருடைய நூல்நிலையம். 1666இல் தம் ஆன்ம வரலாற்றை வெளியிட்டார். அவ்வாண்டு சிறிது காலம் விடுதலையாகி மீண்டும் பிடிபட்டார்.

1672இல் மன்னர் சமயத் தண்டனைச் சட்டங்களை நிறுத்திவைத்தபோது கதவு திறந்தது. அவ்வாண்டுச் செப்ரெம்பரில் முறைப்படியான மன்னிப்பும் வந்தது. அது யாருடைய பட்டியலில் வந்தது தெரியுமா? சிறையிலிருந்த தம்மவர்க்காகக் குவேக்கர் முயன்று பெற்ற மன்னிப்புப் பட்டியலில், பிற சபையாரையுஞ் சேர்த்துக்கொள்ள அவர்கள் பெருந்தன்மையோடு இசைந்தனர். பதினாறு ஆண்டுகளுக்கு முன் தம்மைத் தாக்கி எழுதியவரின் பெயரும் அதில் இருந்தது.

சிறையிலே தொடங்கப்பட்ட மோட்சப் பிரயாணத்தின் முதற் பாகம் 1678இல் அச்சேறியது. அதில் இலாபத்துக்காகப் பக்தி பாராட்டும் ஒருவன் வருகிறான். அவன் பிறந்த ஊர் நயமொழிப் பட்டணம். இருபுறமும் நோக்குபவர், எதற்கும் இசைபவர், காலத்துக்கேற்ப நடப்பவர் எல்லாரும் அவன் உறவினர்; அவ்வூர்ப் போதகருக்கு இரண்டு நாக்கு என்றே பெயர்; அவன் முப்பாட்டன் ஒரு புறம் பார்த்து மறுபுறம் ஓடம் வலித்தவன். நகைச்சுவைக்காகப் படித்துச் சிரிக்கும் மாணவர், அந்தப் பட்டணத்துக்கு ஆசிரியர் சென்று வந்த வழி எதுவென்று இனி ஊகிக்கலாம். கையில் விளக்கோடு அன்பொழுக வரவேற்ற மனிதரை அவர் மறந்திருக்க மாட்டார்.

1676ஐ ஒட்டி மீண்டும் சில மாதங்கள் சிறை. பின்பு புகழ். இலண்டனில் அவர் பேச்சைக் கேட்கப் பெருந்திரள் கூடியது. 1688இல், மகனோடு பகைத்து அவனுக்கு ஒன்றுங் கொடுப்பதில்லை என்றிருந்த ஒரு தந்தையைச் சமாதானப்படுத்த ரெடிங் நகருக்குக் குதிரையிற் சென்றார். காரியங் கைகூடியது. திரும்பி இலண்டனுக்கு வரும் வழியில் மழையில் நனைந்து காய்ச்சல் கண்டது. சினோ ஹில்லில் ஸ்ரட்விக் என்ற பலசரக்கு வணிகரின் வீட்டில் ஓகஸ்ட் 31ஆந் திகதி உயிர் நீத்தார். பன்ஹில் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

எலிசபெத்துக்குக் கிடைத்த சொத்தின் மதிப்பு 42 பவுண் 19 சிலிங். கணவர் எழுதிவைத்த பத்திரம் ஒன்றும் அவர் கையில் அகப்படவில்லை. ஆயின் பத்திரம் இருந்தது. யேம்ஸ் மன்னரின் ஆட்சி தொடங்கிய 1685ஆம் ஆண்டின் டிசெம்பரிலே, தம்மை மீண்டும் சிறையிலிட்டுப் பொருளைப் பறிமுதல் செய்யக்கூடுமென அஞ்சி, தம் உடைமை அனைத்தையும் மனைவிக்கு உரியதாக எழுதிக் கையொப்பமிட்டு, பெட்போட் வீட்டுச் சுவரில் அதை ஒளித்து வைத்திருந்தார். 1838இல் அவ்வீட்டை இடித்தபோது அது வெளிப்பட்டது. அதற்குள் அவர் நூல் உலகமெங்கும் சென்றிருந்தது. அந்தப் பத்திரத்தில் தம்மை இன்னாரென்று குறிப்பிடும் இடத்திலே, போதகர் என்றோ நூலாசிரியர் என்றோ அவர் எழுதவில்லை. பித்தளை வேலை செய்பவர் என்றே எழுதியிருந்தார்.